கிட்டங்கிக் கூரையைத் தூக்கிய வருஷம்

செல்வமணிக்கு அலுத்துவிட்டது. முட்டி வலி, தோள் வலி என்றால் தைலத்தைத் தேய்த்துவிட்டுப் போகலாம். இது அந்த வகை அலுப்பு இல்லை. காலையில் எழுந்து பல் துலக்கும்போதே, சாயங்காலம் ஆட வேண்டுமே என்று நினைப்பு வந்துவிடும். அதற்குமேல் அன்றைக்குக் காப்பி இனிக்காது. போடி பஜாரில் அவனைப் பார்த்தவர்கள் எல்லாரும், "என்ன சாம்பியன்!" என்று கையைத் தூக்குவார்கள். அவனும் பல்லைக் காட்டி வைப்பான். உள்ளே மட்டும், 'ஆளை விடுங்கடா சாமி' என்று இருக்கும்.

அவன் வேலை பார்த்தது பலவேசம் முதலாளியின் ஏலக்காய்க் கடையில். மலையிலிருந்து இறங்கும் காயைத் தரம் பிரித்து மூட்டை பிடிக்கிற ஆட்களை மேய்ப்பது அவன் பொறுப்பு. அப்பா செத்துப்போய், அம்மா இவனைக் கையில் பிடித்துக்கொண்டு கடை வாசலில் வந்து நின்ற நாளிலிருந்து அவனுக்கு எல்லாமே முதலாளிதான். படிக்க வைத்தார், வேலை கொடுத்தார். கோயிலில் பாதிரியார் முன்னால் கல்யாணம் நடந்தபோது, நெற்றி நிறைய திருநீறோடு முதல் பெஞ்சில் உட்கார்ந்து, ஞானப்பாட்டு தெரியாமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட மனுஷரிடம் 'முடியாது' என்று ஒரு வார்த்தை சொல்ல செல்வமணிக்கு நாக்கு எழவில்லை. எழுந்திருந்தால் நமக்கும் இந்தக் கதையைச் சொல்லுகிற வேலை மிச்சம்.

முதலாளிக்கு பேட்மிண்டன் பைத்தியம். இளவட்டமாக இருந்தபோது மூணாறு பக்கம் ஒரு எஸ்டேட் கிளப்பில் துரைமார்கள் ஆடுவதைக் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். காவல்காரன் வந்து விரட்டியிருக்கிறான். அந்த ரோஷத்தை நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்து, சரக்கு போட்டுவைக்கச் சொந்தமாகக் கிட்டங்கி கட்டிய கையோடு அதன் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, நடுவில் வலையைக் கட்டிவிட்டார். ஏலக்காய் சீசனில் அங்கே மூட்டை இருக்கும். சாயங்காலமானால் அந்த மூட்டையையும் ஓரம் தள்ளிவிட்டுப் பேட்டும் கையுமாக ஆட்கள் இருப்பார்கள். சுவரோரம் அடுக்கிய காலி மூட்டைகளில் சுமைதூக்கிகள் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். அவர்கள்தான் கேலரி.

அந்தக் கிட்டங்கியில் ஒரு கோளாறு உண்டு. கூரையைத் தாங்குகிற விட்டங்கள் ரொம்பத் தாழ்வு. நல்ல உயரமான ஆள் மூட்டை மேல் ஏறி நின்றால் தொட்டுவிடலாம். பந்து விட்டத்தில் பட்டால் அடித்தவனுக்கு அவுட் என்பது முதலாளி போட்ட சட்டம். பேட்மிண்டன் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: அந்த ஆட்டத்தின் உயிரே, எதிராளி தலைக்கு மேலே பந்தை உயரத் தூக்கிப் பின்கோட்டில் இறக்குவதுதான். போடிக் கிட்டங்கியில் அதற்கு வழியில்லை. வலையைத் தொட்டும் தொடாமலும் மட்டமாக, விசையாக, இடுப்புக்கும் நெஞ்சுக்கும் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதில் செல்வமணியை மிஞ்ச இந்தப் பள்ளத்தாக்கில் மட்டுமல்ல, தமிழ்நாட்டிலேயே ஆள் கிடையாது. வேறு ஆட்டம் அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான் விஷயம். மதுரைக்கும் திருச்சிக்கும் அவனை அனுப்பிப் பார்த்தார்கள். உயரமான ஹாலில் பந்து மேலே மேலே போய்க்கொண்டிருக்க, இவன் அண்ணாந்து பார்த்துப் பேந்தப் பேந்த விழிப்பான். முதல் சுற்றிலேயே மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவான்.

ஆனால் சித்திரை பிறந்தால் போடியில் முதலாளி நடத்துகிற போட்டி. மாநிலத்தில் முதல் பத்து இடத்தில் இருக்கிறவர்களுக்கெல்லாம் ரயில் செலவு கொடுத்து அழைப்பார். திரும்பிப் போகும்போது ஆளுக்கு ஒரு பொட்டலம் பச்சை ஏலக்காய். மாநிலச் சங்கத்துக்காரர்களும் இந்தப் போட்டிக்குத் தரவரிசைப் புள்ளி உண்டு என்று சொல்லிவிட்டதால் எல்லாரும் வருவார்கள். வந்து, தூக்கி அடிப்பார்கள். 'டங்'கென்று விட்டத்தில் படும். சுமைதூக்கிகள் ஓவென்று கத்துவார்கள். மறுநாள் பேப்பரில், 'போடியில் மீண்டும் அதிர்ச்சி' என்று நாலு வரி வரும். இப்படியே, வெளியூரில் ஒரு ஆட்டமும் ஜெயிக்காத செல்வமணி, போடிப் புள்ளிகளை மட்டும் வைத்து மாநிலத் தரவரிசையில் ஏழாவது ஆளாக உட்கார்ந்திருந்தான். மெட்ராஸில் இருந்தவர்களுக்கு இது விளங்கவே இல்லை. அவனுக்கு நன்றாக விளங்கியிருந்தது. தான் ஏழாம் நம்பர் இல்லை, விட்டம்தான் ஏழாம் நம்பர் என்று கிருபாவதியிடம் ஒருதரம் சொன்னான்.

கிருபாவதி அவன் மனைவி. உத்தமபாளையத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாறுதல் கிடையாத வேலை. போதாததற்கு அவளுடைய அம்மா ஒருபக்கம் கைகால் விழுந்து படுக்கையில் கிடந்தாள். அதனால் அவள் போடிக்கு வர முடியாது. செல்வமணி தினமும் போய்வரலாம். காலையில் முதல் பஸ்ஸுக்கு ஏறினால் கடை திறக்கிற நேரத்துக்கு வந்துவிடலாம். சாயங்காலம் தேவாரம் வழியாக ஆறரைக்கு ஒரு பஸ், அதுதான் கடைசி. அதைப் பிடித்தால் ராத்திரிச் சோற்றைப் பெண்டாட்டி பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் ஆறு மணிக்குத்தான் கிட்டங்கியில் ஆட்டம் ஆரம்பிக்கும். முதலாளி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஆறரை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு பஜாரைத் தாண்டுவது கோர்ட்டுக்குள்ளேயே கேட்கும். அந்தச் சத்தம் கேட்கிற நேரத்தில் செல்வமணி ஒரு புள்ளியை எப்போதும் கோட்டை விடுவான். யாருக்கும் ஏனென்று தெரியாது.

ஆகவே சனிக்கிழமை மத்தியானம் போய்த் திங்கள் விடிகாலை திரும்புகிற புருஷனாகக் காலம் ஓடியது. மகள் சுகிர்தத்துக்கு ஆறு வயசு. இவனுடைய அம்மா பெயரைத்தான் வைத்திருந்தார்கள். அவன் வீட்டுக்குள் நுழைந்தால் அவள் ஓடிவந்து கட்டிக்கொள்ள மாட்டாள். அலமாரியைத் திறந்து, வருகிறவர்களுக்கென்று வைத்திருக்கிற பூப்போட்ட எவர்சில்வர் டம்ளரை எடுத்துத் தண்ணீர் மோந்து, இரண்டு கையாலும் நீட்டுவாள். "குடிங்க" என்பாள். எவ்வளவு மரியாதை பாருங்கள். செல்வமணி அதை நின்றபடியே குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவி அலமாரியில் வைப்பான்.

"ஒரு வார்த்த சொல்லுங்களேன் மொதலாளிகிட்ட," என்பாள் கிருபாவதி. "ஆட்டத்த விட்டுர்றேன்னு. கடைய விடச் சொல்லல, கண்ணியமா வேலை பாப்பீக. ஆறு மணிக்குக் கெளம்பணும், அம்புட்டுத்தான?"

"சொல்றேன்."

"போன வாரமும் சொல்றேன்னுதான் சொன்னீக."

சொல்ல முடியவில்லை. அப்போதுதான் அவனுக்கு அந்தக் கோணல் புத்தி வந்தது. கேட்டு விடுதலை வாங்க முடியாது, தோற்றாவது வாங்கிவிடலாம் என்று நினைத்தான். எழுபத்தைந்தாம் வருஷத்துச் சித்திரைப் போட்டியில் அதைச் செய்தும் பார்த்தான்.

போடிப் போட்டியில் ஒரு வழக்கம் இருந்தது. போன வருஷம் ஜெயித்தவன் மற்றவர்களோடு மோத வேண்டியதில்லை. வந்தவர்கள் எல்லாரும் தங்களுக்குள் அடித்துக்கொண்டு, கடைசியில் மிஞ்சுகிறவன் அவனோடு ஆட வேண்டும். அதுவரை அவன் கிட்டங்கிக்குள் கால் வைக்கக் கூடாது. முகூர்த்தம் வரை மாப்பிள்ளையை ஒளித்துவைப்பது மாதிரி, ஞாயிற்றுக்கிழமை மாலை போட்டு, மேளம் தட்டித்தான் கூட்டிவருவார்கள். சேவற்கட்டுப் பார்த்து வளர்ந்த ஊரில் முதலாளிக்கு வேறு எப்படித் தோன்றும்?

அந்த வருஷம் மிஞ்சி வந்தவன் சண்முகராஜ். மெட்ராஸ்காரன், பேங்கில் வேலை, மாநிலத்தில் ஒன்றாம் நம்பர். செல்வமணி முதல் ஆட்டத்தை வேண்டுமென்றே விட்டான். சர்வீஸை வலையில் அடித்தான், கால் வழுக்கினது மாதிரி நின்றான். ஆனால் களவாணித்தனம் அவனுக்குக் கைவரவில்லை. மூட்டை மேலிருந்து சுமைதூக்கி சின்னக்கருப்பு, "மணியண்ணே, பேட்டு கையில இருக்கா, வீட்ல இருக்கா?" என்று கத்தினான். தேனியிலிருந்து வந்திருந்த பஞ்சு வியாபாரி தவசி எழுந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பலவேசம் அண்ணாச்சி, ஒங்க சேவலுக்கு வயசாயிருச்சு. போதும்னு கொழம்பு வச்சிருங்க."

கிட்டங்கியே சிரித்தது. முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. நேராகப் போய் மைக்கைப் பிடுங்கினார்.

"இந்தா, எல்லாரும் கேட்டுக்கங்க. இந்தக் கிட்டங்கிக்குள்ள என்னைக்கு எஞ் செல்வமணி தோக்கானோ, அன்னைக்குத்தான் அவன் பேட்டக் கீழ வைப்பான். அதுவரைக்கும் நான் அவன நிறுத்த மாட்டேன். வீரபாண்டி ஆத்தா மேல சத்தியம்!"

சிரிப்பு அடங்கிப்போனது. வீரபாண்டி கௌமாரியம்மன் மேல் சத்தியம் செய்தால் அந்தப் பக்கத்தில் யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. முதலாளி வியர்வையைத் துடைத்துக்கொண்டு செல்வமணி பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஏலே, எனக்குக் கண்ணு இருக்கு. வேணும்னு தோத்தா அது தோல்வியில்ல. ஆத்தாவ ஏமாத்துன பாவம் எந் தலையில வெடியும். மெய்யா ஆடு."

செல்வமணி மெய்யாக ஆடினான். என்ன செய்ய? சண்முகராஜ் தூக்கிய பந்தெல்லாம் விட்டத்தில் பட்டது. அடுத்த இரண்டு ஆட்டத்தையும் அவன் தோற்று, பரிசளிப்பில் ஏலக்காய்ப் பொட்டலத்தை மேஜை மேலேயே வைத்துவிட்டு, "இது பேட்மிண்டன் இல்லைங்க, கேரம் போர்டு" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் போனதும் செல்வமணியை எல்லாரும் தோளில் தூக்கினார்கள். தன் வாயால் கேட்கப் பயந்து, கள்ள ஆட்டம் ஆடப் போய், இப்போது ஆத்தாளே வந்து பூட்டுப் போட்டுவிட்டாள். தோளின் மேல் உட்கார்ந்துகொண்டு அவன் அழுதான். சந்தோஷத்தில் அழுகிறான் என்று ஊர் சொன்னது.

கிருபாவதியிடம் இதை எப்படிச் சொன்னானோ. கேட்டுவிட்டு அவள் அரிசி களைந்துகொண்டே இருந்தாள். களைந்ததை உலையில் போட்டுவிட்டு, "ஒரு ஆளு வீட்டுக்கு வாறதுக்கு இம்புட்டுப் பெரிய சத்தியமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஐப்பசியில் ஒரு அதிசயம் நடந்தது. முதலாளி கொத்தனார்களைக் கூட்டிவந்து கிட்டங்கியை அளக்கச் சொன்னார். கூரையை உயர்த்தப்போகிறாராம். தாழ்ந்த விட்டத்தை எல்லாம் கழற்றி, சுவரை மேலே எழுப்பி, இரும்புச் சட்டம் போட்டு, மெட்ராஸ் ஹால் மாதிரி ஆக்கப்போகிறாராம். சீசன் நேரத்தில், சரக்கை வாடகைக் கிட்டங்கியில் போட்டுவிட்டு! சண்முகராஜ் சொன்ன கேரம் போர்டு பேச்சு முதலாளிக்கு நெஞ்சில் தைத்துவிட்டது, ரோஷக்கார மனுஷர், செலவைப் பார்ப்பாரா என்று பஜார் பேசிக்கொண்டது. செல்வமணியும் அப்படித்தான் நினைத்தான். கழற்றிய விட்டங்களை வண்டியில் ஏற்றியபோது சின்னக்கருப்பு வந்து காதைக் கடித்தான்.

"அண்ணே, நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீக. இந்த விட்டம் போச்சுன்னா நம்ம கத கந்தல்ணே. மொதலாளிக்கு வெளங்கல. நீங்க ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா மனசு ஒடஞ்சுருவாக."

"அப்ப தோத்துருவீகளே!"

"தோத்தாத் தோத்துட்டுப் போறேன் போடா," என்றான் செல்வமணி. அவ்வளவு சந்தோஷமாக அவன் பேசி சின்னக்கருப்பு கேட்டதே இல்லை.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது கிருபாவதி நம்பவில்லை. இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னாள். "மெய்யாவே தோத்துருவீகளா? சும்மா எனக்காகச் சொல்லலையே?" என்று கேட்டாள். கல்யாணமான ஒரு பெண், புருஷன் தோற்பான் என்று கேட்டுப் பூரித்துப்போனதை நான் வேறு எங்கும் கண்டதில்லை. மறுநாள் கோயிலில் அவள் முழங்காலில் நின்ற நேரத்தைப் பார்த்துப் பாதிரியார் ஏதோ பெரிய கஷ்டம் என்று நினைத்து, வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனார். இவள் என்னத்தைச் சொல்வாள்?

கூரை வேலை முடிய பங்குனி கடைசி ஆகிவிட்டது. அதுவரை ஆட்டம் இல்லையென்றாலும், வாடகைக் கிட்டங்கிச் சரக்கைக் கணக்குப் பார்த்துப் பூட்டுகிற வேலை செல்வமணி தலையில் விழுந்து, ஆறரை பஸ் அவனுக்குக் கிடைக்காமலே போனது. சுண்ணாம்பு வாடையோடு நின்ற புதுக் கிட்டங்கிக்குள் செல்வமணி போய் நின்று அண்ணாந்து பார்த்தான். கூரை எங்கேயோ இருந்தது. நாலைந்து நாள் பயிற்சியில் தூக்கி அடித்துப் பார்த்தான். ஒன்று வலைக்குப் பக்கத்திலேயே விழுந்தது, ஒன்று சுவரில் போய் மோதியது. முட்டி வேறு முன்னைப் போல மடங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த முதலாளி வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். திட்டுவார் என்று செல்வமணி எதிர்பார்த்தான். அவர் திட்டவில்லை.

சித்திரைப் போட்டிக்கு அந்த வருஷமும் சண்முகராஜ் வந்தான். வியாழக்கிழமை ஆரம்பித்த போட்டியில் எல்லாரையும் தள்ளிவிட்டு அவனே மிஞ்சினான் என்று சேதி வந்தது. செல்வமணிக்கு அந்த நாட்களில் வழக்கப்படி கிட்டங்கிக்குள் அனுமதி இல்லை. கடையில் கல்லாவுக்குப் பின்னால் படுத்துத் தூங்கினான். எத்தனையோ வருஷம் கழித்து நன்றாகத் தூங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிருபாவதி சுகிர்தத்தைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். அம்மாவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்திருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் புருஷன் ஆட்டத்தைப் பார்க்க அவள் வந்தது அதுதான் முதல் தடவை. நாலு மணி ஆட்டம் முடிந்த கையோடு அவனைக் கூட்டிக்கொண்டு ஆறரை பஸ்ஸில் ஏறிவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள். அவனுடைய வேட்டி சட்டையை எல்லாம் துவைத்து மடித்து வைக்க வீட்டில் அலமாரியில் ஒரு தட்டைக் காலி பண்ணிவிட்டும் வந்திருந்தாள். பெண்களுக்குப் போட்டிருந்த பாயில், முதலாளி வீட்டம்மா கஸ்தூரியம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

மேளம் தட்டினார்கள். மாலை போட்டார்கள். எள் விழ இடமில்லாத கூட்டம். செல்வமணி உள்ளே வந்து, மெய்யாகவே ஆடுவது என்று முடிவு செய்துகொண்டு, முதல் சர்வீஸைப் போட்டான். இன்றைக்கு எப்படியும் தோல்விதானே.

அவனுக்குத் தெரிந்தது மட்டமான ஆட்டம். அதை ஆடினான். இனி சண்முகராஜ் தூக்குவான், பந்து வானத்துக்குப் போகும், நாம் அண்ணாந்து நிற்போம் என்று காத்துக்கொண்டே ஆடினான். சண்முகராஜ் தூக்கவில்லை. அவனும் மட்டமாகத்தான் திருப்பினான். இவன் நெஞ்சுக்கு அடித்தால் அவன் இடுப்புக்கு அடித்தான். தலைக்கு மேல் அவ்வளவு பெரிய ஆகாசம் சும்மா கிடந்தது, இரண்டு பேரும் பழைய விட்டம் இன்னும் அங்கேயே இருக்கிற மாதிரி குனிந்து குனிந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். மட்ட ஆட்டத்தில் செல்வமணியை யார் ஜெயிக்க? கை தன்னால் போனது. முதல் ஆட்டம் பதினைந்துக்கு ஒன்பது என்று அவன் பக்கம் வந்துவிட்டது.

இடைவேளையில் கிருபாவதியைப் பார்த்தான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது ஆட்டத்தில் சண்முகராஜ் சுதாரித்துக்கொண்டு தூக்கிப் பார்த்தான். அப்பாடா என்று செல்வமணி நிமிர்ந்தான். பந்து கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. மறுபடியும் தூக்கினான், இந்தத் தடவை பாதியிலேயே இறங்கி இவன் பேட்டுக்கு வாகாக வந்தது. 'ஒழுங்காகத் தூக்கேண்டா பாவி, உனக்குப் புண்ணியமாகப் போகும்' என்று செல்வமணி மனசுக்குள் கெஞ்சினான். முதல் நம்பர் ஆட்டக்காரன், அளவு தப்பித் தப்பி அடித்துவிட்டு, கடைசியில் மட்ட ஆட்டத்துக்கே திரும்பிவிட்டான். பதினான்குக்குப் பதினொன்று. ஒரே ஒரு புள்ளி. இனி வேண்டுமென்றே வலையில் அடித்துக்கொண்டிருந்தால் ஆட்டம் கைமாறிவிடும். செல்வமணி நாற்காலியைப் பார்த்தான். முதலாளி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மெய்யா ஆடு என்று சொன்ன குரல் காதில் கேட்டது. மெய்யாகத்தான் அடித்தான்.

கூரை அதிர்ந்தது. சின்னக்கருப்பு மூட்டையிலிருந்து குதித்து அவனைக் கட்டிக்கொண்டான். "விட்டமில்லாமயே ஜெயிச்சிட்டாகடா எங்கண்ணே!" என்று கூத்தாடினான். சுகிர்தமும் எல்லாரும் தட்டுவதைப் பார்த்துக் கை தட்டினாள். பிள்ளை தட்டுகிறதே என்று கிருபாவதியும் இரண்டு தட்டுத் தட்டினாள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கூட்டம் குறைந்ததும் சண்முகராஜ் பக்கத்தில் வந்தான்.

"அண்ணே, போன வருஷம் தோத்ததுலேர்ந்து நான் என்ன செஞ்சேன் தெரியுமா? எங்க கிளப்புல உங்க விட்டத்து உயரத்துக்குக் கயிறு கட்டினேன். தினம் ரெண்டு மணி நேரம் அந்தக் கயித்துக்குக் கீழதான் ஆட்டம். உங்களை உங்க விட்டத்துக்குள்ளயே ஜெயிக்கணும்னு வெறி. இங்க வந்து அண்ணாந்து பாத்தா பகீர்னுச்சு. மத்தவங்களை எப்படியோ சமாளிச்சிட்டேன். உங்ககிட்ட கை வரலை. தூக்கற ஆட்டமே மறந்துபோச்சுண்ணே."

செல்வமணிக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சண்முகராஜ் என்னமோ ஏதோவென்று பயந்து, அவன் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனான்.

எல்லாரும் போன பிறகு முதலாளி மட்டும் சுவரோரம் ஒரு மூட்டையில் உட்கார்ந்திருந்தார். போட வைத்திருந்த ஜரிகை மாலை அவர் மடியிலேயே கிடந்தது. செல்வமணி போய் எதிரில் நின்றான்.

"ஜெயிச்சுட்டேன் மொதலாளி. ஒங்களுக்குச் சந்தோசந்தான?"

"சந்தோசமா?" முதலாளி தலையைத் தூக்கினார். "ஏலே, மண்டைல ஏதாச்சும் இருக்கா ஒனக்கு? ஆவணில ஒஞ் சம்சாரம் எங்க வீட்டுக்கு வந்துச்சு. எங்க வீட்டுக்காரி கையப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு. பெத்த பிள்ள அப்பன விருந்தாளின்னு நெனைக்குதுன்னுச்சு. நான் உள்ள சோறு தின்னுக்கிட்டிருந்தேன். எறங்கலடா."

கிருபாவதி அவனிடம் இதைச் சொல்லவே இல்லை.

"சத்தியம் பண்ணித் தொலச்சுட்டேன். ஆத்தா மேல பண்ணுன சத்தியத்த எங்கிட்டுக் கொண்டுபோய் வைக்க? நீ மெய்யாத் தோத்தாத்தான் ரெண்டு பேருக்கும் விடிவு. அந்த விட்டம் இருக்குற வரைக்கும் நீ தோக்க மாட்ட."

"ஒங்களுக்கு அது தெரியுமா மொதலாளி?"

"தெரியாமயா இத்தன வருசம் அதத் தூக்காம வச்சிருந்தேன்? மெட்ராஸ்காரன் பேச்சுக்கு ரோசப்பட்டுத் தூக்குனேன்னு ஊரு நெனச்சுச்சு. நெனச்சுட்டுப் போகட்டும்னு விட்டேன். ஒன்னயத் தோக்க வைக்கத்தாண்டா நான் இந்தக் கூரையத் தூக்குனேன். நீ என்னடான்னா அதையும் ஜெயிச்சுட்டு வந்து நிக்க."

அவர் குரல் உடைந்துவிட்டது. செல்வமணி தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். இத்தனை நாளும் இந்த மனுஷருக்குப் பயந்து அவன் வாய் திறக்கவில்லை. சாமிக்குப் பயந்து அவரும் திறக்கவில்லை. இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் ஒரே காரியத்துக்காகப் பாடுபட்டிருக்கிறார்கள்.

"பரவாயில்ல மொதலாளி," என்றான். "இன்னொரு வருசந்தான? அவன் கயித்த அவுத்துட்டு வருவான். அடுத்த சித்திரைக்குக் கண்டிப்பாத் தோத்துர்றேன்."

முதலாளி கிட்டங்கி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கிருபாவதி பையோடு நின்றாள். சுகிர்தம் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு, இந்த அப்பா இப்போது நம்மோடு வருவாரா மாட்டாரா என்று தெரியாமல் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி அந்தப் பிள்ளையையே பார்த்தார். பிறகு மூட்டையிலிருந்து எழுந்து, மாலையை உதறிச் செல்வமணி கழுத்தில் போட்டார்.

"எந்திரி. கெளம்பு. நாளையிலருந்து சாயங்காலம் இங்கன ஒன்னய நான் பாக்கக் கூடாது."

"மொதலாளி, சத்தியம்?"

"வீரபாண்டித் திருவிழா வருதுல்ல. தீச்சட்டி எடுத்து, சத்தியத்த ஆத்தா காலடியிலயே போட்டுட்டு வந்துர்றேன்."

"ஒங்களுக்குச் சர்க்கர இருக்கு. இந்த வெயில்ல வெறுங்காலோட நடந்து கொப்புளம் வந்துச்சுன்னா ஆறாது."

"ஆறாட்டிப் போகுது."

"ஆத்தாகிட்ட என்னன்னு சொல்லுவீக?"

முதலாளி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்னத்தச் சொல்ல? தோத்தது நாந்தான்னு சொல்லுவேன். ஆத்தாளுக்கு யாராச்சும் ஒருத்தர் தோத்தாச் சரிதான?"